நகைச்சுவை வளர்த்த பிராங்க் காப்ரா

மெய்ப்பாடுகள் எட்டினையும் வகுத்துரைத்த தொல்காப்பியர் நகையையே முதற்கண் வைத்தார். அதன் அருமை துன்பக் காலத்தில்தான் நமக்கு நன்கு விளங்குகிறது. 1929-ஆம் ஆண்டின் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பின் அமெரிக்க மக்கள் பல்லாயிரவர் வேலையும் சேமிப்பும் இழந்து வாடினர். அவர்களைக் கவலை மறந்து சிரிக்கச் செய்த படமுதல்வர்களுள் தலையாயவர் பிராங்க் காப்ரா. அவரோ அந்நாட்டில் பிறந்தவர் அல்லர். பிழைப்பு நாடிக் கடல் கடந்து வந்த ஏழைக் குடும்பத்தின் பிள்ளை.

இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவில், பிசாக்கினோ என்னும் சிற்றூரில், 1897-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் அவர் பிறந்தார். 1903-இல் அவர்தம் குடும்பத்தார் கப்பலின் அடித்தட்டில் பயணம் செய்து அமெரிக்கா சேர்ந்து, லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் குடியேறினர். சிறுவர் காப்ரா தெருவில் செய்தித்தாள் விற்றார். ஆயினும் கல்வியைக் கைவிடவில்லை. 1918-இல் இரசாயனப் பொறியியலில் பட்டம் பெற்றார். பட்டத்திற்கேற்ற வேலை வாய்க்கவில்லை. வீடுதோறும் சென்று புத்தகம் விற்றும், மௌனப் படங்களுக்கு வேடிக்கை நிகழ்ச்சிகள் புனைந்தும் காலந்தள்ளிய அவர், படிப்படியாக டைரக்டர் ஆனார்.

1934-இல் கொலம்பியா நிறுவனத்துக்காக அவர் இயக்கிய படம் ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’. தந்தையிடமிருந்து தப்பியோடும் செல்வச் சீமாட்டி ஒருத்தியும், வேலையிழந்த நிருபன் ஒருவனும் இரவு பஸ்ஸில் சந்திக்கின்றனர். கையில் காசு குறையவே ஒரே அறையில் தங்க நேரிடுகிறது. நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு மானம் காக்கிறான் நிருபன். வழிப்போகும் கார்களை நிறுத்தும் வித்தையில் தான் வல்லவன் என்று பெருமை பேசியவனுக்கு ஒரு கார்கூட நிற்கவில்லை. அவள் முன்வந்ததும் முதல் கார் நின்றுவிடுகிறது! செல்வத்தின் செருக்கும் ஆண்மையின் செருக்கும் ஒருங்கே உடைகின்றன. சிறந்த படம், டைரக்டர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து ஆஸ்கார் பரிசுகளையும் ஒருசேரப் பெற்ற முதற்படம் இதுவே.

இவ்வகைப் படங்களுக்கு ‘ஸ்க்ரூபால்’ என்று பெயர். பேஸ்பால் விளையாட்டில் எதிர்பாராத பக்கம் வளைந்து செல்லும் பந்தின் பெயர் அது. கதையும் அவ்வாறே வளைந்து செல்லும். ஆனால் எளியவரை எள்ளி நகையாடாது. பணமும் பதவியும் வகுத்த மேடு பள்ளங்களே அங்கு நகைப்புக்கு இலக்காகும். அவை நீங்காதவரை இந்நகைச்சுவையும் பழமை எய்துவதில்லை என்பது நம் கருத்து.

1936, 1938 ஆண்டுகளின் படங்களுக்கும் டைரக்டருக்கான ஆஸ்கார் பரிசைக் காப்ரா வென்றார். 1952-இல் பம்பாயில் தொடங்கிய இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் வருகை தந்தார். அவருடைய பஸ் கதையைத் தழுவி ராஜ்கபூரும் நர்கிஸும் நடித்த ‘சோரி சோரி’ 1956-இல் வெளிவந்தது. 1991-இல் ‘தில் ஹை கி மான்தா நஹீன்’ என்று அக்கதை மறுபடியும் இந்தியில் உலவியது. அவ்வாண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், தமது 94-ஆம் வயதில், காப்ரா கலிபோர்னியாவில் காலமானார்.

புதிதாய்க் குடியேறிய ஊரில் அவ்வூராரின் குறைகள் நம் கண்ணுக்குப் பளிச்செனத் தெரியும். காப்ராவுக்கும் அவை தெரிந்தன. அவற்றைக் கண்டு அவர் வெறுத்து ஒதுங்கவில்லை. அவ்வூராரையே சிரிக்கச் செய்து அவர்களுள் ஒருவரானார். ஊர்விட்டு ஊர்வந்து வாழும் நாம் அவரிடம் கற்கத்தக்கது இப்பண்பேயாகும்.