எரியவிட்டு வந்த விளக்கு

பைனல் இயர் புராஜெக்ட்டை அப்படியே ஸ்டார்ட்-அப் ஆக்கிடலாம்னு நினைக்கிறீங்களா? அப்போ பானசோனிக்கை ஆரம்பிச்ச கோனோசுகே மட்சுஷிட்டாவை நீங்க தெரிஞ்சுக்கணும்.

1894-ல் ஜப்பானின் வாகயாமாவில் பிறந்தவர். அப்பா அரிசிச் சந்தையில் பணத்தைப் போட்டு எல்லாத்தையும் இழந்ததால, 9 வயசுலயே ஒசாகாவுக்கு வேலைக்கு வந்துட்டார். முதல்ல கரி அடுப்புக் கடை, அப்புறம் சைக்கிள் கடை, 15 வயசுல மின்சாரக் கம்பெனி. அங்கே புது மாதிரி பல்ப் சாக்கெட் ஒண்ணு செஞ்சு காட்டினார். மேலதிகாரிக்குப் பிடிக்கலை. 1917-ல் வேலையை விட்டுட்டு, வாடகை வீட்டுக்குள்ளேயே பட்டறை போட்டார். கூட மனைவி முமேனோ, மச்சினன் தோஷியோ (பின்னாளில் சான்யோவை ஆரம்பிச்சவர்!), ரெண்டு நண்பர்கள்.

பத்து நாள் ஊரெல்லாம் அலைஞ்சும் வித்தது சுமார் 100 சாக்கெட்தான். நண்பர்கள் கிளம்பிட்டாங்க. முமேனோவின் கிமோனோ அடகுக் கடைக்குப் போச்சு. கடைசியில காப்பாத்தினது சாக்கெட் இல்லை, மின்விசிறிக்கு யாரோ கேட்ட 1000 இன்சுலேட்டர் தட்டு. என் கண்டுபிடிப்பைத்தான் விப்பேன்னு அவர் அடம் பிடிக்கலை. அந்தக் காசுல 1918-ல் கம்பெனி தொடங்கினார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1923-ல் நடந்ததுதான். அப்போ சைக்கிளுக்கு மெழுகுவத்தி விளக்கு, காத்தடிச்சா அணைஞ்சிடும். பேட்டரி விளக்கோ ரெண்டு மூணு மணி நேரத்துல செத்துடும். மட்சுஷிட்டா மாதிரி மேல மாதிரி செஞ்சு பார்த்து, 30 மணி நேரத்துக்கு மேல எரியுற விளக்கைக் கொண்டு வந்தார். நம்மளா இருந்தா இதோட வேலை முடிஞ்சதுன்னு ரிப்போர்ட் எழுதிடுவோம்! மொத்த வியாபாரிகள் யாரும் வாங்கலை. பேட்டரி விளக்குன்னாலே அவங்களுக்கு நம்பிக்கை போயிருந்தது.

அவர் விலையைக் குறைக்கலை. நேரா சைக்கிள் கடைகளுக்கே ஆள் அனுப்பினார். கடைக்கு ரெண்டு மூணு விளக்கு இலவசமா வெச்சு, அதுல ஒண்ணை எரியவிட்டு வரச் சொன்னார். சொன்ன நேரம் எரிஞ்சு, மத்ததும் வித்தா மட்டும் காசு. மறுநாளும் கடையில விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் ஆர்டர் தானா வந்தது, மொத்த வியாபாரிகளும் பின்னாலயே வந்தாங்க.

1929 கடைசியில உலகமே மந்தத்துல. கிடங்குல சரக்கு குவிஞ்சு கிடக்கு, இவர் படுக்கையில். பாதிப் பேரை அனுப்பிடலாம்னு மேலாளர்கள் கேட்டாங்க. ஒருத்தரையும் அனுப்பக் கூடாதுன்னுட்டார். உற்பத்தி பாதி, வேலை அரை நாள், சம்பளம் முழுசு. மிச்ச நேரத்துல எல்லாரும் சரக்கு விக்கப் போகணும். லீவு நாள்லயும் போனாங்க. ரெண்டு மாசம் போல ஆச்சு. கிடங்கு காலி, ஃபேக்டரி மறுபடி முழு நேரம் ஓடிச்சு.