வேம்பின் கசப்பைப் பிரித்தவர்

இடம்பெயர்ந்து கூடாரத்தில் இருந்த நாட்களில், எனக்குப் படை வந்தால் அம்மம்மா வேப்பெண்ணெய்தான் பூசிவிடுவா. வேறு மருந்து கையில் இல்லை. அந்தக் கசப்புக்குள் என்ன இருக்கிறது என்று பல வருடங்கள் கழித்துத் தேடியபோதுதான் சலிமுஸ்ஸமான் சித்தீக்கியை அறிந்தேன்.

1897இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தில் பிறந்தவர். அலிகரில் மெய்யியல் படித்துவிட்டு, 1927இல் ஜெர்மனியின் பிராங்பேர்ட்டில் இரசாயனவியலில் கலாநிதியானார். நல்ல ஓவியரும்கூட. நாடு திரும்பி, சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுத்த மருந்துப் பொருளுக்குத் தன்னை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார்.

1942இல் வேப்பெண்ணெயை வெவ்வேறு கரைப்பான்களில் கரைத்துக் கரைத்து, நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என மூன்று கசப்புப் பொருட்களைப் பிரித்தார். பங்கசு, பூச்சி போன்ற எதிரிகளிடமிருந்து வேம்பு தன்னைக் காத்துக்கொள்வது இப்படியான பொருட்களால்தான். படையை உண்டாக்கும் பங்கசின் வளர்ச்சியை நிம்பிடின் தடுப்பதைப் பின்னாளில் ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின. அம்மம்மாவுக்கு இது புதினமாக இருந்திராது.

நாடு பிளவுண்டபின், 1951இல், பாகிஸ்தான் அழைக்க இந்தியாவை விட்டுப் போனார். அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கராச்சியில் ஆய்வுகூடங்களைப் புதிதாகக் கட்டியெழுப்பினார். அங்கேயும் வேம்பை விடவில்லை. தொண்ணூறு வயதை நெருங்கியபோதும் அதன் இலையிலும் விதையிலும் புதுப் பொருட்களைத் தேடிக்கொண்டிருந்தார். 1994 ஏப்ரலில் கராச்சியிலேயே காலமானார்.