வீர மங்கை கல்பனா சாவ்லா

வானில் பறக்கும் பறவையைக் கண்டு கைகொட்டி மகிழாத குழந்தை இல்லை. ஆனால் தானும் அவ்வாறு பறக்க வேண்டும் என்று எண்ணி, அவ்வெண்ணத்தை வாழ்நாள் முழுவதும் விடாமல் பற்றிக்கொண்டவர் மிகச் சிலரே. அத்தகையோருள் ஒருவர் கல்பனா சாவ்லா. இந்தியாவில் பிறந்து விண்வெளிக்குச் சென்ற முதற்பெண்மணி அவரே. அவர் பெற்ற புகழை நாம் எல்லோரும் அறிவோம். அவர் உயிர் நீத்த விபத்து எதனால் நேர்ந்தது என்பதையும் அறிந்துகொண்டால்தான், அவருடைய வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம் முழுமை பெறும்.

பிறப்பும் இளமையும்

இன்றைய அரியானா மாநிலத்தில், தில்லிக்கு வடக்கே உள்ள கர்னால் என்னும் ஊரில், பனாரசி லால் சாவ்லாவுக்கும் அவர் மனைவிக்கும் நான்கு குழந்தைகளுள் கடைசியாகக் கல்பனா 1962ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் பிறந்தார். மெட்ரிக் தேர்வு எழுத வயது போதாமையால், பதிவேட்டில் அவருடைய பிறந்த நாள் 1961 ஜூலை 1 என மாற்றி எழுதப்பட்டது. அவ்வூரில் விமானப் பயிற்சி மன்றம் ஒன்று இருந்தது. அங்கிருந்து எழும்பி ஊரின் மேலாகப் பறந்த சிறு விமானங்கள் அச்சிறுமியின் மனத்தைக் கவர்ந்தன.

தாகூர் பால நிகேதன் பள்ளியில் படிப்பை முடித்த கல்பனா, சண்டிகரிலுள்ள பஞ்சாப் பொறியியற் கல்லூரியில் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். அக்காலத்தில் பெண்கள் அப்பாடத்தை எடுப்பது அரிது. வேறு பாடம் படிக்கலாமே என்று அறிவுரை கூறியவர்கள் உண்டு. ஆயினும் அவர் தம் முடிவிலிருந்து மாறவில்லை. 1982இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். 1984இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும், 1988இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அவ்வாண்டே நாசா நிறுவனத்தின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், விமானத்தைச் சுற்றிக் காற்று ஓடும் முறையைக் கணிப்பொறி வழியே ஆராயும் பணியில் சேர்ந்தார். 1994 டிசம்பரில் விண்வெளி வீரர் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முதற்பயணமும் ஒரு சோதனையும்

1997 நவம்பர் 19ஆம் நாள் கொலம்பியா என்னும் விண்வெளி ஓடத்தில் கல்பனா முதன்முறையாக விண்ணுக்குச் சென்றார். 16 நாள்களில் அவ்வோடம் பூமியை 252 முறை வலம் வந்தது. சூரியனை ஆராயும் ஸ்பார்ட்டன் என்னும் செயற்கைக்கோளை இயந்திரக் கையால் வெளியே விடும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டிருந்தது. வெளியே விடப்பட்ட கோள் சரியாக இயங்கவில்லை. அதை மீண்டும் பிடிக்க முயன்றபோது அது சுழலத் தொடங்கிவிட்டது. பின்னர் வீரர்கள் இருவர் விண்வெளியில் மிதந்து சென்று, தம் கைகளாலேயே அதைப் பிடித்து வந்தனர்.

பழி கல்பனாவின் மேல் விழக்கூடிய நிலை ஏற்பட்டது. ஆனால் நாசா அவசரப்படவில்லை. ஐந்து மாத காலம் பொறுமையாக ஆராய்ந்தது. கணிப்பொறி மென்பொருளிலும், வீரர்களுக்கும் தரைக்கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் வகுக்கப்பட்ட செயல்முறைகளிலும் குறைகள் இருந்தன என்றும், கல்பனாவின் மேல் குற்றமில்லை என்றும் முடிவாயிற்று. ஒருவர் மேல் பழி சுமத்தி அத்தோடு விட்டிருந்தால் அக்குறைகள் வெளிப்பட்டிருக்குமா? தோழியரே, இந்நிகழ்ச்சியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதிப் பயணம்

2000ஆம் ஆண்டில் கல்பனா இரண்டாம் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பயணம் பலமுறை தள்ளிப்போடப்பட்டு, 2003 ஜனவரி 16ஆம் நாள் புளோரிடா மாநிலத்தின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து தொடங்கியது. அதே கொலம்பியா ஓடம். அதில் ஏழு பேர்.

விண்வெளி ஓடம் மேலெழும்போது அதனுடன் ஒரு பெரிய எரிபொருள் தொட்டி இணைந்திருக்கும். அதில் நிரப்பப்படும் திரவ ஹைட்ரஜன் பூச்சியத்துக்குக் கீழே 253 டிகிரி குளிர்ச்சியுள்ளது. அக்குளிர்ச்சி குறையாமலும், வெளியே பனிக்கட்டி படியாமலும் இருக்கத் தொட்டியைச் சுற்றித் தெர்மாகோல் போன்ற இலேசான காப்பு நுரை பூசப்பட்டிருக்கும். புறப்பட்ட 82ஆம் வினாடியில் அந்நுரையில் ஒரு துண்டு பெயர்ந்து, ஓடத்தின் இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அதன் எடை ஏறத்தாழ முக்கால் கிலோதான். ஆனால் மோதிய வேகமோ மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர்!

மறுநாள் ஒளிப்படங்களைப் பார்த்த பொறியாளர்கள் கவலை கொண்டனர். இறக்கை சேதமடைந்திருக்கிறதா என்று பார்க்க, விண்வெளியில் இருக்கும் ஓடத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று மூன்று முறை கேட்டனர். அக்கோரிக்கை நிறைவேறவில்லை. முன்பும் பலமுறை நுரை பெயர்ந்ததுண்டு, ஓடங்கள் பத்திரமாகத் திரும்பியும் வந்தன. ஆகவே இம்முறையும் ஆபத்தில்லை என்று மேலிடத்தில் இருந்தவர்கள் எண்ணிவிட்டனர். ஓடத்தில் இருந்தவர்களுக்கும் கவலைப்பட ஒன்றுமில்லை என்றே செய்தி அனுப்பப்பட்டது. அவர்களோ இரவு பகலாக முறைவைத்து, ஏறத்தாழ 80 ஆய்வுகளைச் செய்து முடித்தனர்.

2003 பிப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா திரும்பியது. பூமியின் காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது இறக்கையின் முன்விளிம்பு 1,500 டிகிரிக்கு மேல் சூடேறும். இறக்கையில் இருந்த ஓட்டையின் வழியே அவ்வெப்பம் உள்ளே பாய்ந்து அதன் எலும்புக்கூட்டை உருக்கியது. தரையிறங்க 16 நிமிடங்களே இருந்தன. மதுரையிலிருந்து திண்டுக்கல் எவ்வளவு தொலைவோ ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில், டெக்சாஸ் மாநிலத்தின் மேலே ஓடம் சிதறியது. எழுவரும் உயிர் நீத்தனர். இரு பயணங்களிலுமாகக் கல்பனா விண்ணில் வாழ்ந்தது 31 நாள்களுக்குச் சற்று அதிகம். அவருக்கு அப்போது வயது 40.

காரணம் தேடிய கதை

விபத்தை ஆராயத் தனிக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. 25,000க்கும் மேற்பட்டோர் காடுகளிலும் வயல்களிலும் நடந்து தேடி, 84,000 துண்டுகளைச் சேகரித்தனர். யாரேனும் திட்டமிட்டுச் செய்த நாசவேலையா? விண்வெளியில் திரியும் சிறு கல் மோதியதா? மின்கம்பிகளில் பழுதா? வீரர்களின் பயிற்சியில் குறையா? இவ்வாறு சாத்தியமான காரணம் ஒவ்வொன்றையும் எடுத்து, சான்றுகளோடு ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை விலக்கிக்கொண்டே வந்தனர்.

இறுதியில் நுரைத்துண்டு எஞ்சி நின்றது. ஆயினும் இலேசான நுரை, உறுதியான இறக்கையை உடைக்குமா என்று பலர் ஐயுற்றனர். 2003 ஜூலை 7ஆம் நாள், அதே அளவுள்ள நுரைத்துண்டை அதே வேகத்தில் உண்மையான இறக்கைப் பகுதி ஒன்றின் மேல் செலுத்திப் பார்த்தனர். ஓர் அடிக்கும் அதிகமான அகலத்தில் பெரிய ஓட்டை விழுந்தது! ஐயம் தீர்ந்தது.

அத்தோடு குழு நிற்கவில்லை. கேள்வி கேட்டவர்களின் குரல் ஏன் மேலே எட்டவில்லை என்றும் ஆராய்ந்தது. நுரை எவ்வளவு காரணமோ, நாசாவின் நிர்வாகப் பழக்கமும் அவ்வளவு காரணம் என்று எழுதியது. சேதம் முன்னரே தெரிந்திருந்தால், அட்லாண்டிஸ் என்னும் மற்றோர் ஓடத்தை அனுப்பி எழுவரையும் மீட்க முயன்றிருக்கலாம் என்றும் அக்குழு கண்டது. அது கடினமான செயல்தான். ஆனால் முயற்சிக்கே வாய்ப்பில்லாமற் போயிற்று.

இதற்கு 17 ஆண்டுகளுக்கு முன், 1986 ஜனவரி 28ஆம் நாள், சேலஞ்சர் ஓடம் புறப்பட்ட 73ஆம் வினாடியில் சிதறி, கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை உட்பட எழுவர் இறந்தனர். ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் கடுங்குளிரில் விறைத்து, அனற்காற்று கசிந்ததே காரணம். முந்திய இரவே பொறியாளர்கள் எச்சரித்திருந்தனர். அன்றும் அவர்கள் சொல் எடுபடவில்லை.

நம் நாட்டின் முயற்சி

காரணங்களைக் கண்டறிந்ததால் பின்வந்தோர் பயன் பெற்றனர். 2005இல் விண்வெளி ஓடங்கள் மீண்டும் பறந்தபோது, விண்ணிலேயே இறக்கைகளைச் சோதிக்கும் வழக்கம் வந்தது. 2018 அக்டோபர் 11ஆம் நாள் ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட் ஒன்று மேலெழும்போது பழுதடைந்தது. பாகங்களைப் பொருத்துகையில் வளைந்துபோன ஒரு சிறு உணர்பொறியே அதற்குக் காரணம். ஆனால் தப்பிக்கும் ஏற்பாடு இருந்ததால் இரு வீரர்களும் நலமாகத் தரையிறங்கினர்.

நம் இந்தியாவும் ககன்யான் திட்டத்தின் மூலம் மனிதரை விண்ணுக்கு அனுப்ப உழைத்து வருகிறது. அதற்கான எஞ்சின்கள் நம் திருநெல்வேலிச் சீமையிலுள்ள மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்டன. 2023 அக்டோபர் 21ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் தப்பிக்கும் பொறியின் சோதனை நடந்தது. புறப்பட ஐந்து வினாடிகள் இருக்கையில் கணிப்பொறி ஏதோ குறை கண்டு ராக்கெட்டை நிறுத்தியது. காரணத்தைக் கண்டு சரிசெய்த பின்னரே, அன்று காலை 10 மணிக்கு அது செலுத்தப்பட்டு வெற்றி பெற்றது. நாடே பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று நம் அறிஞர்கள் அவசரப்படவில்லை. கொலம்பியா கற்பித்த பாடம் வீண்போகவில்லை என்று நாம் பெருமைப்படலாம்.

முடிவுரை

கல்பனாவின் நினைவாக நம் நாடு தன் வானிலைச் செயற்கைக்கோளுக்குக் கல்பனா-1 எனப் பெயர் சூட்டியது. தமிழக அரசு ஆண்டுதோறும் சுதந்திர தின விழாவில், துணிவுடன் அருஞ்செயல் புரிந்த பெண்ணுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கிச் சிறப்பிக்கிறது.

அன்புத் தோழியரே! துணிவு என்றால் ஆபத்தை நோக்கிப் பாய்வது மட்டும்தானா? சிறு குறையைக் கண்டதும் அதைச் சுட்டிக்காட்டுவதும், கேட்பாரில்லாவிடினும் மீண்டும் கேட்பதும் துணிவே. ஆய்வுக்கூடத்தில் கணக்கிட்ட விடை சற்றே மாறினால், போகட்டும் என்று விட்டுவிடாமல் ஏன் என்று கேட்போம். தவறு நேர்ந்தால் யார் செய்தது என்று விரல் நீட்டுமுன், எதனால் நேர்ந்தது என்று தேடுவோம். பெரியோர்களும் சிறியோரின் கேள்விக்குச் செவிசாய்ப்பார்களாக. கர்னாலில் வானத்தை அண்ணாந்து பார்த்த அச்சிறுமிக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவே ஆகும்.

— பத்தாம் வகுப்பு மாணவி,
கே.கே. நகர், மதுரை.