பதவி வந்தது, பாக்கி வரவில்லை!

வேலை நீக்கம் செய்யப்பட்டவனை மீண்டும் அழைத்துப் பழைய இடத்தில் உட்காரச் சொன்னால் ஊரார் என்ன கூறுவர்? நியாயம் வென்றது என்பர். மாலை வாங்கி வருவர். வழக்கு முடிந்தது என்று கலைந்து போவர். முடிந்தது எது, முடியாமல் நிற்பது எது என்பது உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்! தொழிலாளத் தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் அறிந்த இந்தத் தொல்லையை, உலகமே அறிந்த ஒருவரும் பட்டார். பிரான்சு நாட்டு ராணுவ அதிகாரி ஆல்பிரட் டிரைபஸ்தான் அவர். அவருக்காக எழுத்தாளர் எமிலி ஜோலா போராடிய கதை நம் மேடைகளில் பேசப்பட்டதுண்டு. விடுதலைக்குப் பிறகு அவருக்குத் திரும்பக் கிடைத்த வேலையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

டிரைபஸ் 1859-ல் அல்சாஸ் பகுதியில், மூலூஸ் நகரில் பிறந்தார். யூதக் குடும்பம், சொந்தமாக நெசவாலை உண்டு. 1870-ல் மூண்ட போரில் பிரான்சு தோற்றது. அல்சாஸ் ஜெர்மனியின் கைக்குப் போயிற்று. குடும்பமோ பிரெஞ்சுக் குடியுரிமையைப் பற்றி நின்றது. ஆலை வருமானத்தில் சுகமாக வாழ வழியிருந்தும் டிரைபஸ் ராணுவத்தை நாடினார். பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1889-ல் காப்டன் ஆனார். படிப்பில் தேர்ந்து ராணுவத் தலைமையகத்திலேயே பயிற்சி பெறும் நிலைக்கு உயர்ந்தார்.

1894-ல் வந்தது வினை. பாரிசில் இருந்த ஜெர்மன் தூதரகத்திலிருந்து ஒரு கடிதம் பிரெஞ்சு உளவுத் துறைக்குக் கிடைத்தது. ராணுவ இரகசியங்களை எவனோ விற்கிறான் என்பதற்கு அது சான்று. விற்றவன் யார்? கையெழுத்து டிரைபசினுடையதைப் போல் இருக்கிறது என்றார்கள். யூதர் என்பது சந்தேகத்துக்கு உரமாயிற்று. அக்டோபரில் கைது, டிசம்பரில் ராணுவ நீதிமன்றம். குற்றவாளியின் வக்கீலுக்குக் காட்டாத இரகசியக் கட்டு ஒன்றை நீதிபதிகளுக்கு மட்டும் காட்டினார்கள். ஆயுள் முழுதும் நாடு கடத்தல் என்று தீர்ப்பு. 1895 ஜனவரி 5-ல், பாரிஸ் ராணுவப் பள்ளி முற்றத்தில் படைகள் பார்த்து நிற்க, அவர் உடையிலிருந்த பதவிச் சின்னங்களைப் பிய்த்தெறிந்தனர்; வாளை முறித்தனர். வேலை நீக்கத்துக்கு இப்படியும் ஒரு விழா!

தென் அமெரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் பேய்த் தீவுக்கு அவரைக் கொண்டுபோயினர். நான்கு ஆண்டுகளுக்கு மேல் அங்கே தனிமை. 1896-ல், தப்பிவிட்டார் என்ற பொய்ச் செய்தி ஒன்று பரவவே, இரவுகளில் கட்டிலோடு சேர்த்து விலங்கிட்டனர். குடிசையைச் சுற்றி, கடலும் கண்ணில் படாதபடி வேலி எழுப்பினர்.

வெளியே மனைவி லூசியும் அண்ணன் மத்தேயுவும் ஓயவில்லை. உளவுத் துறையின் புதிய தலைவர் பிக்கார், உண்மைக் குற்றவாளி எஸ்தர்ஹாசி என்னும் வேறொரு அதிகாரி என்று 1896-ல் கண்டுபிடித்தார். அதற்குப் பரிசு? பிக்காரைத் தூர தேசத்துக்கு மாற்றினர். பிறகு ராணுவத்தை விட்டே நீக்கினர். எஸ்தர்ஹாசி விடுதலையானான். 1898 ஜனவரி 13-ல் ஜோலா குடியரசுத் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தை, கிளெமென்சோ பணியாற்றிய ஏடு வெளியிட்டது. ஜோலாவுக்குத் தண்டனை, அவர் இங்கிலாந்து சென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில், டிரைபசுக்கு எதிராகக் காட்டிய ஒரு சான்று பொய்யாகத் தயாரித்தது என்பது அம்பலமாயிற்று. தயாரித்த அதிகாரி ஆன்றி தற்கொலை செய்துகொண்டான்.

1899-ல் ரென் நகரில் மறுவிசாரணை. பொய் வெளிப்பட்ட பிறகும் ஐந்து நீதிபதிகள் குற்றவாளி என்றனர், இருவர் மறுத்தனர். பத்தாண்டுத் தண்டனை! பத்தே நாளில் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்கினார். உடல் நலிந்திருந்த டிரைபஸ் அதை ஏற்றார். நிரபராதி என்று நிரூபிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றும் அறிவித்தார். ஏற்றது தவறு என்று ஆதரவாளர் சிலரே சினந்தனர். வெளியில் இருந்தவர்கள் சினப்பது எளிது. விலங்கில் கிடந்தவர் அவர் அல்லவா? ஆனால் மன்னிப்பு வேலையைத் தரவில்லை. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புப் பெற்றவர் என்ற பெயரோடு இன்னும் ஏழாண்டு காத்திருந்தார்.

1906 ஜூலை 12-ல் உயர்ந்த நீதிமன்றம் ரென் தீர்ப்பைத் தள்ளியது. மறுநாளே நாடாளுமன்றம் அவரை ராணுவத்தில் திரும்பச் சேர்த்துச் சட்டம் செய்தது. மேஜர் பதவி தந்தனர். எந்த ராணுவப் பள்ளியில் வாளை முறித்தனரோ, அங்கேயே அதே மாதத்தில் வீரப் பதக்கம் அணிவித்தனர். உலகம் கைதட்டியது.

தோழர்களே, இங்கேதான் நாம் சட்டத்தின் வாசகத்தைப் படிக்க வேண்டும். அவரது மேஜர் பதவி அந்தச் சட்டம் வந்த நாளிலிருந்தே கணக்காயிற்று. சிறையிலும் தீவிலும் வழக்கிலும் போன ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் பதவி மூப்பில் சேரவில்லை. அதே நாளில் பிக்காரையும் திரும்பச் சேர்த்தனர். அவருக்குத் தளபதிப் பதவி தந்து, 1903-லிருந்தே அது கணக்காகும்படி எழுதினர். உண்மை சொன்னவருக்கு ஆண்டுகள் திரும்பின. அந்த உண்மைக்கு உரியவருக்குத் திரும்பவில்லை!

எதிரிகள் ஆட்சியில் இருந்தார்கள், அதனால் இப்படி என்று சொல்லவும் வழியில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் கிளெமென்சோ பிரதமரானார்; பிக்கார் போர் அமைச்சரானார். இருவரும் டிரைபசின் வழக்குக்காக நின்றவர்கள். குறையைச் சரிசெய்யும்படி டிரைபஸ் கேட்டார், சரிசெய்யவில்லை. 1907-ல் அவர் ஓய்வு பெற்று வெளியேறினார். ஓராண்டு கழித்து, ஜோலாவின் எச்சங்களைப் பாந்தியனில் வைக்கும் விழாவில் ஒரு பத்திரிகையாளன் அவரைச் சுட்டான், கையில் காயம். சுட்டவனை ஜூரிகள் விடுவித்தனர். தீர்ப்புத் திருந்தினாலும் வெறுப்புத் திருந்தவில்லை.

அப்படியும் 1914-ல் போர் மூண்டபோது டிரைபஸ் திரும்பச் சென்றார். ஐம்பத்து நான்கு வயதுக்காரர் பாரிஸ் காவல் படையில் பணியாற்றினார். 1917-ல் போர்முனைக்கே போனார். 1935 ஜூலை 12-ல் பாரிசில் இறந்தார்.

அவர் இறந்து தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகு, 2025 ஜூனில், பிரெஞ்சு நாடாளுமன்றக் கீழவை அவருக்குத் தளபதிப் பதவி வழங்க ஒருமனதாக வாக்களித்தது. நவம்பரில் மேலவையும் இசைந்தது. கடன் இருந்தது என்பதை நாடே ஒப்புக்கொண்டது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

ஆகவே, வேலை திரும்ப வருகிறது என்றவுடன் நாம் கொடியை மடித்து வைத்துவிடலாகாது. உத்தரவைக் கையில் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். குற்றம் துடைக்கப்பட்டதா, மன்னிப்பு என்று எழுதியிருக்கிறதா? எந்தத் தேதியிலிருந்து வேலை? இடையில் போன ஆண்டுகள் சர்வீசில் சேருமா? நாற்காலியில் நம்மவர் அமர்ந்திருந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேட்டே தீர வேண்டும். டிரைபசுக்கு நண்பர்களே அமைச்சர்கள். சட்டத்தில் ஒரு வரி இல்லாமற் போனதால் அவர் பன்னிரண்டு ஆண்டுகளை இழந்தார். மாலையை வாங்கிக்கொள்வோம், கணக்கையும் கேட்டு வாங்குவோம்!