வெறுங்கால் ஓட்டக்காரர்... 40 ஆண்டுகளுக்கும் மேல் நின்ற மாரத்தான் சாதனை! யார் இந்த சிவ்நாத் சிங்?

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் மாதிரியான மீனவர் கிராமங்களில் வேலைக்கு இறங்கிவிட்டால் செருப்புக்கு இடமில்லை. மணலில் படகைத் தள்ளும்போதும் சரி, ஏரிச் சேற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவும்போதும் சரி, வெறுங்கால்தான்.

இந்த மணலில் ஒரு கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள், மூச்சு வாங்கிவிடும். கெட்டியான தரையில் ஓடுவதைவிட மணலில் ஓட சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று 1998-ல் பெல்ஜியம் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். கால் பதியும்போது மணல் நகர்ந்துவிடுவதால், நாம் போடும் சக்தியில் ஒரு பகுதி மணலைத் தள்ளவே போய்விடுகிறது. கடலோரப் புழுக்கம் தனி. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை சீக்கிரம் காயாது, உடம்புச் சூடும் இறங்காது.

வயலில், மணலில், மண் பாதையில் நெடுந்தூரம் ஓடும் 'டிரெயில் ரன்' போட்டிகளுக்கு இன்று தனி ஷூ, தனி வாட்ச் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் இவை எதுவும் இல்லாமல், பாதத்தில் டேப் மட்டும் சுற்றிக்கொண்டு ஓடிய ஒரு இந்தியர், உலகின் முன்னணி மாரத்தான் வீரர்களோடு தோளோடு தோள் நின்றார். அவர்தான் சிவ்நாத் சிங்.

கங்கைக் கரையிலிருந்து ராணுவத்துக்கு

பீகாரில் கங்கைக் கரையோரம் இருக்கிறது இன்றைய பக்சர் மாவட்டம். அங்குள்ள மஞ்சரியா என்ற கிராமத்தில் 1946 ஜூலை 11-ம் தேதி பிறந்தார் சிவ்நாத் சிங். வசதியான குடும்பம் கிடையாது. கிராமத்துப் பையன்கள் எல்லோரையும் போல அவருக்கும் மண் பாதையும் வெறுங்காலும்தான் பழக்கம்.

பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் இந்திய தடகளத்துக்கு ராணுவம்தான் பெரிய கதவு. மூன்று வேளை சாப்பாடு, மாதச் சம்பளம், தினமும் பயிற்சி... ஏழை வீட்டுப் பையன் ஒருவன் ஓட்டத்தையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்ள அதைவிட்டால் வேறு வழி அதிகமில்லை. 'பறக்கும் சீக்கியர்' மில்கா சிங் வந்ததும் இதே வழியில்தான்.

டெஹ்ரானில் தங்கம்

சிவ்நாத் ஆரம்பத்திலேயே மாரத்தான் ஓடியவர் அல்ல. முதலில் பெயர் வாங்கியது 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஓட்டங்களில். 1974-ல் டெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 5,000 மீட்டரில் தங்கம், 10,000 மீட்டரில் வெள்ளி. அதே ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு சியோலில் நடந்த ஆசிய தடகளப் போட்டியிலும் பதக்கங்களோடு திரும்பினார்.

டிராக் ஓட்டம் வேறு, மாரத்தான் வேறு. மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். சுமார் 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் உடம்பில் சேமித்து வைத்த சர்க்கரை தீரத் தொடங்கும். கால் கனக்கும், வேகம் தானாகக் குறையும். அந்தக் கட்டத்தை யார் தாக்குப்பிடிக்கிறார் என்பதில்தான் போட்டியே இருக்கிறது.

மான்ட்ரியல்: கைக்கு எட்டிய தூரம்

1976 ஜூலை 31. கனடாவின் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் மாரத்தான் நாள். மழை பெய்துகொண்டிருந்தது. முன்னணிக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தாலே போட்டியின் கனம் புரியும். 1972 ஒலிம்பிக் மாரத்தான் தங்கம் வென்ற அமெரிக்காவின் ஃபிராங்க் ஷார்ட்டர். முந்தைய நாள்தான் 5,000 மீட்டரில் தங்கம் வாங்கியிருந்த பின்லாந்தின் லாஸ்ஸே விரேன். கிழக்கு ஜெர்மனியின் வால்டெமர் சியர்பின்ஸ்கி. இவர்களோடு சேர்ந்து ஓடினார் பீகார் கிராமத்தைச் சேர்ந்த சிவ்நாத்.

பாதி தூரம் வரை அவர் அந்தக் கூட்டத்தை விடவில்லை. பிறகு ஷார்ட்டர் வேகத்தைக் கூட்ட, கூட்டம் சிதறியது. கடைசியில் சியர்பின்ஸ்கி 2 மணி 9 நிமிடம் 55 நொடியில் தங்கம் வென்றார். சிவ்நாத் 2 மணி 16 நிமிடம் 22 நொடியில் 11-வது இடம். முதலிடத்துக்கும் அவருக்கும் இடைவெளி ஆறரை நிமிடத்துக்கும் குறைவு.

பதக்கம் இல்லையென்றால் நம் ஊரில் பெரும்பாலும் பேச்சும் இல்லை. ஆனால் ஒலிம்பிக் மாரத்தானில் 11-வது இடம் என்பது சாதாரணம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல்: சரியாக 40 ஆண்டுகள் கழித்து, 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் சிறந்த இடம் 25. அதைப் பெற்ற கோபி எடுத்துக்கொண்ட நேரம் 2:15:25.

ஜலந்தரில் அந்த 2:12

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1978-ல், பஞ்சாபின் ஜலந்தரில் நடந்த மாரத்தானில் சிவ்நாத் எடுத்த நேரம் சரியாக 2 மணி 12 நிமிடம்.

இது எவ்வளவு வேகம்? கணக்குப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 3 நிமிடம் 8 நொடி. இன்னும் எளிதாகச் சொன்னால், 100 மீட்டரை 19 நொடிக்குள் ஓட வேண்டும். ஒருமுறை அல்ல, நிற்காமல் 421 முறை! அன்றைக்கு உலகின் அதிவேக மாரத்தானாக இருந்தது ஆஸ்திரேலியாவின் டெரெக் கிளேட்டன் 1969-ல் எடுத்த 2:08:34. அதற்கும் சிவ்நாத்துக்கும் இடையே மூன்றரை நிமிட இடைவெளிதான்.

அதன்பிறகு ஷூ மாறியது, உணவு மாறியது, பயிற்சி முறை மாறியது. ஆனால் இந்திய தேசிய சாதனை மட்டும் 40 ஆண்டுகளுக்கும் மேல் மாறவில்லை. 2019-ல் சியோலில் கோபி 2:13:39 ஓடியபோதுகூட சிவ்நாத்தின் நேரம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் முன்னால் நின்றது.

வெறுங்காலில் ஓடலாமா?

விதிப்படி தடை இல்லை. ஷூவோடும் ஓடலாம், இல்லாமலும் ஓடலாம். எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலில் ஓடித்தான் தங்கம் வென்றார். 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடினார், அதிலும் தங்கம்.

அறிவியல் என்ன சொல்கிறது? 2010-ல் ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லீபர்மேன் குழு 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டது. சிறு வயதிலிருந்தே வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் பாதத்தின் முன்பகுதியை முதலில் தரையில் வைக்கிறார்கள், ஷூ போட்டவர்கள் குதிகாலை முதலில் வைக்கிறார்கள் என்பது அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. முன்பாதம் முதலில் பட்டால், குதிகாலில் 'டக்' என்று ஏறும் அதிர்ச்சி குறைகிறது.

அதற்காக நாளைக்கே ஷூவைக் கழற்றி வீசிவிட்டு ஓடக் கூடாது. பழகாத காலில் திடீரென்று இதைச் செய்தால் கெண்டைக்கால் தசையும் பாத எலும்பும் அடிவாங்கும். அந்தப் பாதங்கள் ஒரே நாளில் உருவானவை அல்ல. அதோடு, சிவ்நாத் மாதிரி கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கு வெறுங்கால் என்பது ஃபேஷனோ பரிசோதனையோ இல்லை. வளர்ந்த விதமே அதுதான்.

கடைசி ஆண்டுகள்

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிலும் சிவ்நாத் மாரத்தானில் களமிறங்கினார். ஆனால் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. ராணுவத்துக்குப் பிறகு ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 2003 ஜூன் 6-ம் தேதி, கல்லீரல் அழற்சி நோயால் இறந்தார். வயது 56 மட்டுமே.

மில்கா சிங்குக்கு சினிமா வந்தது, பி.டி. உஷாவின் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. சிவ்நாத் சிங் என்று சொன்னால் யாரென்று கேட்பவர்கள்தான் இன்றும் அதிகம். இத்தனைக்கும் அவருக்குப் பின் வந்த மாரத்தான் வீரர்கள் ஒவ்வொருவரும், 40 ஆண்டுகளுக்கும் மேலாக, அவருடைய 2:12-ஐத்தான் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

பழவேற்காட்டுக் குப்பங்களின் மணலில் இன்று மாலையும் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடுவார்கள். அவர்களில் யாருக்கு அந்த நுரையீரலும் அந்தக் கால்களும் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், முதலில் யாராவது ஒரு ஸ்டாப் வாட்ச்சோடு அங்கே போய் நிற்க வேண்டும்.