வைத்தியரத்தினம் பி. எஸ். வாரியர்

பாலக்காட்டு மலையடிவாரத்திலும் இடுக்கி ஏலமலைகளிலும் இந்நாளில் ஓய்வுச் சிகிச்சை இல்லங்கள் பல உள்ளன. நாட்பட்ட கவலையால் உறக்கமிழந்தோர் எண்ணெய்ச் சிகிச்சையும் பத்தியமும் நாடி அங்கே செல்கின்றனர். பொருளுடையோர்க்கே அவ்வாயில்கள் எளிதில் திறக்கின்றன. ஆயின் அம்மருத்துவத்திற்கு மலையாள நாட்டில் புத்துயிர் அளித்த பெரியார் ஏழையை மறந்தவரல்லர்.

பன்னியின்பள்ளி சங்குண்ணி வாரியர் 1869 ஆம் ஆண்டில் பிறந்தார். குட்டஞ்சேரி வாசுதேவன் மூஸ் என்னும் அஷ்டவைத்தியரிடம் ஆயுர்வேதம் பயின்றார். கண்ணோய்க்காக டாக்டர் வர்கீஸ் என்பாரிடம் சென்றவர், அவரிடமே மேனாட்டு மருத்துவமும் கற்றார். நல்லறிவு எங்கிருந்து வரினும் ஏற்பதே அவர் இயல்பு.

1902 இல் கோட்டக்கலில் ஆரிய வைத்தியசாலையை நிறுவினார். நோயாளியின் வீட்டார் மருந்தை இடித்துக் காய்ச்சி வருந்திய நிலை மாறி, கஷாயம் ஆயத்தமாகவே கிடைக்கலாயிற்று. 1917 இல் வைத்திய பாடசாலையையும், 1924 இல் தரும மருத்துவமனையையும் தொடங்கினார். தம் நிறுவனம் தரும நிதியமாய் நிலைபெறுமாறு 1939 இல் உயில் எழுதி வைத்து, 1944 இல் மறைந்தார்.

மலையாள வைத்தியர் போற்றும் அஷ்டாங்க ஹிருதயம், ஆசை முதலியவற்றையே உயிர்களைப் பற்றிய பிணிகளாகக் கூறித் தொடங்குகின்றது. ஆதலின் உள்ளம் தணியாதார்க்கு எண்ணெய் மட்டும் போதாது. இரவும் பகலும் ஆலையில் உழைப்பவனுக்கும் இளைப்பாறுதல் வேண்டும். அஃது அவனுக்குக் கிட்டும் நாளிலேயே வாரியர் தொடங்கிய பணி நிறைவெய்தும்.