சீர்காழி தந்த நூலக முனிவர் எஸ்.ஆர். ரங்கநாதன்



பொது நூலகத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னால், என் நண்பர்களில் பாதிப்பேர் சிரிப்பார்கள். ஏர்கோன்ல உட்கார்ந்து புத்தகம் படிக்கிறதுக்கு யாரப்பா சம்பளம் கொடுப்பாங்க என்று கேலி பேசுவார்கள். அவர்களோடு நான் வாதாடுவது இல்லை. ஒரு மனிதரின் கதையைச் சொல்வேன். அவரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். ஒரு வாரம்கூட உட்கார முடியாமல் தவித்தார். பிறகு நூலகமே அவர் வாழ்க்கை ஆகிவிட்டது.

தேவார வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்குச் சீர்காழியைத் தெரியும். திருஞானசம்பந்தர் அவதரித்த ஊர். அதே ஊரில் 1892-இல் பிறந்தவர் ரங்கநாதன். அப்பா அக்கம்பக்கத்தாரைக் கூட்டி இராமாயணம் சொல்பவர். பையனுக்கு ஆறு வயதிலேயே அவர் காலமாகிவிட்டார். சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. அப்புறம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம். திக்குவாய் இருந்தும் ஆசிரியர் வேலைக்கே போனார். மங்களூர், கோயம்புத்தூர், கடைசியில் சென்னை மாநிலக் கல்லூரி என்று கணிதம் கற்பித்தார். மாணவர்களோடு பேசிக்கொண்டே இருப்பதுதான் அவருக்குப் பிடித்த வேலை.

1924-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகராக அவரை நியமித்தது. சம்பளம் கூட. ஆனால் நூலகத்தில் ஆளே இல்லை! வகுப்பில் சத்தம் கேட்டுப் பழகியவருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. சில நாளிலேயே பழைய கல்லூரிக்குப் போய், என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். முதலில் லண்டன் போய் நூலகப் படிப்பைப் படித்து வா, அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் இடம் தருகிறோம் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

லண்டன்தான் அவரை மாற்றியது. அங்கே பாடத்தோடு நிற்காமல், நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் போய்ப் பார்த்தார். லண்டனை ஒட்டிய குராய்டன் பொது நூலகத்தில் அவருடைய ஆசிரியர் சேயர்ஸ்தான் தலைமை நூலகர். பிள்ளைகள், தொழிலாளிகள், வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்து போகிற இடமாக நூலகம் இருப்பதைக் கண்டார். நம் ஊரில் நூலகம் ஏன் காலியாக இருக்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1925-இல் சென்னைக்குத் திரும்பியவர் கணித வகுப்பைத் தேடிப் போகவில்லை. அடுத்த இருபது வருஷமும் அந்த நூலகத்திலேயே, நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார். பூட்டிய அலமாரிகளைத் திறந்து, வாசகரே புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து எடுக்கும்படி செய்தார். விடுமுறை நாளிலும் கதவு திறந்திருந்தது. காலியாக இருந்த இடம் நிறைந்தது.

லண்டன் கடை ஒன்றில் இரும்புத் துண்டுகளை மாட்டிப் பல பொம்மைகள் செய்யும் விளையாட்டுப் பெட்டியைப் பார்த்திருந்தார். ஒரே துண்டுகளை மாற்றி மாற்றிச் சேர்த்தால் வண்டியும் வரும், பாலமும் வரும். ஒரு புத்தகத்தின் பொருளையும் அப்படிக் கூறு கூறாகப் பிரித்து, மறுபடி சேர்த்து எண் கொடுக்கலாமே என்று தோன்றியது. அதிலிருந்து பிறந்ததுதான் 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. உலகம் முழுவதும் நூலகப் படிப்பில் இன்றும் அவர் பெயர் வருகிறது என்றால் அதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், 1931-இல் அவர் எழுதி வெளியிட்ட ஐந்து விதிகள். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்த. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் உயிருள்ள ஒன்றைப்போல வளர்ந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான்.

கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கிறதா? என் ஒரு நாள் வேலையே இந்த ஐந்துக்குள்தான் ஓடுகிறது. காலையில் திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, எண் பார்த்து அடுக்க வேண்டும். ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டால் அந்தப் புத்தகம் தொலைந்த மாதிரிதான், அடுத்தவர் தேடிக் களைத்துப் போவார். அவர் நேரத்தைக் காப்பதற்குத்தான் இந்த அடுக்கல். பிற்பகலில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். எஸ்.பி.எம். மாணவன் ஒருவன் பயிற்சி நூல் கேட்பான். வேலை தேடும் அண்ணன் கணினி கேட்பார். எழுதத் தெரியாத பாட்டி ஒருவர் பாரத்தை நீட்டிப் பூர்த்தி செய்து தரச் சொல்வார். எல்லாருக்கும் முகம் கொடுத்துப் பேச வேண்டும். இதில் உட்காரவே நேரம் கிடைப்பதில்லை!

மக்கள் வரமுடியாவிட்டால் நூலகம் போகவேண்டும் என்பதும் அந்தக் காலத்து எண்ணம்தான். ரங்கநாதன் முன்னின்று 1928-இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் காலத்தில், 1931-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்கள் போயின. தோட்டத்துக்கு வந்த நடமாடும் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்த நம் பெரியவர்களுக்கு அந்த வண்டியின் அருமை புரியும்.

நூலகம் தர்மகர்த்தாவின் தயவில் நடக்கக் கூடாது, சட்டத்தின் பலத்தில் நடக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். 1930-இல் காசியில் நடந்த ஒரு கல்வி மாநாட்டில் மாதிரிச் சட்டம் ஒன்றை முன்வைத்தார. அது சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டமாக வந்தது 1948-இல்! 18 வருஷம் விடாமல் பேசியிருக்கிறார். சொத்து வரியோடு சேர்த்து ஒரு சிறு நூலக வரி, அந்தப் பணத்தில் ஊர் ஊருக்கு நூலகம் என்பது அதன் ஏற்பாடு. அதற்கு இடையில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களைத் தாமே பகுத்து முடித்தார். பிறகு டில்லி, ஜூரிக், பெங்களூர். 1957-இல் பத்மஸ்ரீ. வாழ்நாள் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயை, மனைவி சாரதா பெயரும் விளங்க, நூலகவியல் பேராசிரியர் பதவிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். 1972-இல் பெங்களூரில் மறைந்தார். அவர் நினைவாக இந்தியாவில் ஆகஸ்ட் 12 நூலகர் தினம்.

இளைஞர்களே, அவருடைய மூன்றாவது விதிதான் எனக்குத் தூக்கம் கெடுக்கும் விதி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் வாசகர் உண்டு என்கிறார். ஆனால் பல வருஷமாக யாரும் எடுக்காத புத்தகத்தைப் பொது நூலகங்கள் பெரும்பாலும் அலமாரியில் வைத்திருப்பதில்லை. புதியதுக்கு இடம் வேண்டுமே. எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்யும்போது கணினி காட்டுவது, எத்தனை பேர் இரவல் வாங்கினார்கள் என்ற கணக்கை. தமிழ் அலமாரி சுருங்குவதற்கு யாருடைய வஞ்சமும் தேவையில்லை, நாம் போகாமல் இருந்தாலே போதும்.

அதனால் இந்த மாதம் உங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்குப் போங்கள். டூவி முறைப்படி அடுக்கியிருந்தால், 294.5-இல் இந்து சமயம், 894.811-இல் தமிழ் இலக்கியம். பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். வேண்டிய நூல் இல்லையா? கேட்டு எழுதிக் கொடுங்கள். தம்பி தங்கைகளையும் உறுப்பினராக்குங்கள். உங்களில் யாருக்காவது மக்களோடு பழகும் ஆசையும் பொறுமையும் இருந்தால், இந்த வேலைக்கே வாருங்கள். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை, முகப்பில் நின்று தமிழ்ப் புத்தகம் தேடும் ஒரு தாத்தாவின் முகம் சொல்லிவிடும்.